பயன்பாட்டுத் தடயம்

சீட்டுக்கவர் அக்காவை ஊரில் அக்கா என்று கூப்பிடாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவருடைய கணவர். இன்னொருவர் சொந்தத் தங்கை. அந்தத் தங்கை சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது என்பதால் எப்படியும் கூப்பிடுவதில்லை. மற்றபடி அறுபத்தெட்டு வயதில் ஓய்வில் இருக்கும் போஸ்ட்மாஸ்டர்கூட, ஐம்பத்துமூன்று வயதுக்காரியை வாய் நிறைய அக்கா என்றுதான் அழைப்பார்.

பஸ் டிப்போவுக்குப் பின்தெருவில் அவருடைய கடை. உள்ளே நுழைந்தால் ஒரு பக்கம் ரெக்சின் சுருள்கள், இன்னொரு பக்கம் கூரை வரைக்கும் ஃபோம் அட்டைகள், நடுவில் யானைக்குச் சட்டை தைக்கிற மாதிரி ஒரு தையல் மிஷின். காது மேல் எப்போதும் ஒரு சாக்குக்கட்டி. வண்டியை ஓட்டி வருகிறவரின் முகத்தை அக்கா பார்ப்பதில்லை, சீட்டைத்தான் பார்ப்பார். இடது ஓரம் அமுங்கியிருந்தால், "பர்சைப் பின்பாக்கெட்டுல வச்சுத்தான் ஓட்டுவீங்களோ?" என்பார். வந்தவர் பர்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஒரு வாடிக்கையாளர் சீட்டு மாற்றுவதற்குப் பழைய ஜீப் ஒன்றை விட்டுவிட்டு வெளியூர் போய் அங்கேயே தங்கிவிட்டார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று போனில் சொல்லி, கையெழுத்துப் போட்ட காகிதங்களையும் அனுப்பிவைத்தார். அக்காவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. புதிதாகத் தைத்த சீட்டு குலுக்கலைத் தாங்குகிறதா என்று பார்க்க, ஊருக்கு வெளியே வனத்துறைக் காவலில் இருந்த குவாரி கேட்டுக்குள் நுழைந்து மலைப்பாதையில் ஏறினார். பதினொரு கிலோமீட்டர், ஏழு வளைவு. சீட்டு தாங்கியது. உச்சியில் ஒரு தட்டைப் பாறை இருந்தது, அதில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. சாவி எங்கே, சோறு ஆச்சா, என் வண்டி எப்ப ரெடியாகும் என்று ஒருவரும் கேட்காத முக்கால் மணி நேரம், கல்யாணமான நாளிலிருந்து அவருக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. கீழே இறங்கவே மனம் வரவில்லை. இறங்கியதும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்தார்.

மேலே போகிற பைத்தியம் தனக்கு மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். சங்கம் ஆரம்பித்துப் பதிவும் செய்தார்கள். முதல் கூட்டத்துக்குப் பேனா கொண்டுவந்தது அக்கா ஒருவர்தான் என்பதால் அவரையே செயலாளர் ஆக்கினார்கள். பதினொரு வருடமாக வேறு யாரும் பேனா கொண்டுவரவில்லை.

பதினாலு வண்டிகள். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு. விதி ஒன்றே ஒன்றுதான், அதுவும் அக்கா போட்டது: நாம போனது தெரியக் கூடாது. மழை பெய்து ஒரு நாளாவது கழியாமல் ஏறக் கூடாது. டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு, லோ கியரில், சக்கரம் சுழன்று மண்ணை வாரி இறைக்காமல் போக வேண்டும். கடைசி வண்டியில் இரும்புப் பல் வைத்த நீளமான வாரி இரண்டு இருக்கும். இறங்கும்போது மண் இளகின இடங்களில் அந்த வண்டிக்காரர்கள் இறங்கி, டயர் தடத்தை வாரி மூடிவிட்டு வர வேண்டும்.

கடைசி வண்டி போஸ்ட்மாஸ்டருடையது. அவரும் அவர் மனைவியும் ஒன்பது வருடமாக அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. வீட்டில் இருவரும் பேசிக்கொள்வார்களா என்பது சந்தேகம். வாரும்போது மட்டும் ஓயாமல் பேசுவார்கள். அவர்கள் வாரிவிட்ட இடத்தில் எறும்பு ஊர்ந்தால்தான் தடம் தெரியும்.

சங்கத்தில் இந்த விதி பிடிக்காதவர் ஒருவர் உண்டு. பால் வேன் ஓட்டுகிறவர். சேற்றைக் கண்டால் குழந்தையாகிவிடுவார் என்பதால் அவருக்குச் சகதி என்று பெயர் விழுந்துவிட்டது, அவருடைய மனைவியே போனில் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார்.

அக்காவுக்கு இருந்த ஒரே எரிச்சல், மலையின் மறுபக்கத்திலிருந்து நாலு சக்கர பைக்குகளில் வருகிற கூட்டம்தான். பெயரில்லை, பதிவில்லை. ஆறாவது கிலோமீட்டரில் ஒரு ஈரப் புல்வெளி உண்டு. பாதை அதைச் சுற்றிப் போகும். அந்தக் கூட்டம் சுற்றாது, புல்வெளிக்குள் புகுந்து வட்டம் வட்டமாக உழுதுவிட்டுப் போகும். அக்கா வன அலுவலகத்துக்கு ஏழு புகார் எழுதினார். ஏழுக்கும் 'கிடைக்கப்பெற்றது' என்று பதில் வந்தது.

எட்டாவது கடிதம் அங்கிருந்தே வந்தது. குவாரி கேட்டிலிருந்து போகும் மலைப்பாதை மூன்று வருடமாகப் பயன்பாட்டில் இல்லை என்று கள ஆய்வில் தெரியவருவதால், அதை வரைபடத்திலிருந்து நீக்கி நிரந்தரமாக மூட உத்தேசித்திருப்பதாக எழுதியிருந்தார்கள்.

அக்கா அதை இரண்டு முறை படித்தார். கடையை அப்படியே போட்டுவிட்டு, காது மேல் சாக்குக்கட்டியோடு வன அலுவலகத்துக்குப் போனார்.

அதிகாரி மரியாதையான மனிதர். எழுந்து நின்று நாற்காலி காட்டினார். "யாரும் போகாத பாதையெல்லாம் மூடச் சொல்லி மேலிடத்து உத்தரவு மேடம். சர்வேயர் போய்ப் பாத்துட்டு வந்துட்டார். பயன்பாட்டுத் தடயம் இல்லைன்னு எழுதியிருக்கார்."

"மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை பதினாலு வண்டி போகுது சார்."

"போனா தடம் இருக்கணுமே."

"நாங்க அழிச்சுட்டு வந்துடுவோம்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஏன்?"

பதினொரு வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "பாதை கெட்டுடக் கூடாதுன்னுதான்" என்றார் அக்கா.

"கெடல மேடம். நானே பாத்தேன், அவ்வளவு நல்லா இருக்கு. அதுதான் இப்ப பிரச்சினை."

அக்கா போனை எடுத்து நானூறு போட்டோ காட்டினார். போட்டோவில் எல்லா மலையும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றார் அதிகாரி. சங்கத்தின் வருகை நோட்டைக் காட்டினார். அது நீங்களே எழுதியதுதானே என்றார். சாட்சிக்கு ஆள் கூட்டி வரட்டுமா என்று அக்கா கேட்டார். அதிகாரி படிவத்தைத் திருப்பிக் காட்டினார். 'களத்தில் கண்ட தடயம்' என்று ஒரு கட்டம் இருந்தது. சாட்சிக்குக் கட்டம் இல்லை.

"கூட்டு ஆய்வுன்னு ஒண்ணு வைக்கலாம். அடுத்த வியாழக்கிழமை நீங்களும் வாங்க, சேர்ந்து போய்ப் பாப்போம். ஒரு தடம் இருந்தாலும் பாதை திறந்திருக்கும். ஆனா திங்கள்லேருந்து வண்டி எதுவும் உள்ள போகக் கூடாது, அது விதி."

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

வீட்டில் அக்காவின் கணவர் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார். எந்த வண்டியில் ஏறினாலும் பத்தாவது நிமிடம் அவருக்கு வயிற்றைப் புரட்டும் என்பதால் மலைப்பக்கமே போனதில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல என்ன கஷ்டம் இருக்கு? இந்த ஞாயித்துக்கிழமை தடத்த வாராம வந்துடுங்க" என்றார். சிவப்புப் பேனாவை எடுத்து அடுத்த தாளுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை கடையில் அவசரக் கூட்டம். ஃபோம் அட்டைகளின் மேல் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அக்கா விஷயத்தைச் சொன்னார்.

"நாமளே போய் நம்ம பாதையக் கெடுக்கணும்னு சொல்றீங்க" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"கெடுக்க வேண்டாம். போனது தெரிஞ்சா போதும்."

"நான் இதுல நடுநிலை வகிக்கிறேன்க்கா."

சகதிதான் கையை முதலில் தூக்கியவர். கூட்டம் முடிகிற வரைக்கும் இறக்கவில்லை.

ஞாயிறன்று மண் கேசரிப் பதத்தில் இருந்தது. பதினாலு வண்டிகளும் ஏறின. அக்கா ஒவ்வொரு வளைவிலும் இறங்கி நின்று, எங்கே அழுத்த வேண்டும், எங்கே பிரேக் போட வேண்டும் என்று கையைக் காட்டினார். மூன்றாவது வளைவில் சகதி வேண்டுமென்றே சிக்கிக்கொண்டார். அவரை விஞ்ச் கம்பி போட்டு இழுத்ததில் இரண்டு பள்ளம், ஒவ்வொன்றிலும் குழந்தையைக் குளிப்பாட்டலாம். அக்காவுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. தான் தைத்த சீட்டைத் தன் கண்ணெதிரிலேயே பிளேடால் கிழிப்பது போல இருந்தது. இருந்தாலும், "இன்னொரு தடவை ஏறி இறங்குங்க" என்றார்.

இறங்கி வந்து கேட்டுக்கு வெளியே பதின்மூன்று வண்டிகள் காத்திருந்தன. எல்லோர் முகத்திலும் ஒரு திருப்தி. டீ ஊற்றிக் குடித்தார்கள். கடைசி வண்டி மட்டும் வரவில்லை. அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. பழுதாகி நின்றுவிட்டதோ என்று அக்கா கிளம்பப் போன நேரத்தில், ஐந்து மணிக்குக் கேட்டை மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது, போஸ்ட்மாஸ்டரின் வண்டி மெதுவாக வந்து நின்றது.

இருவரும் இறங்கினார்கள். முழங்கை வரை சேறு. போஸ்ட்மாஸ்டரின் மனைவி புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு ரொம்ப மோசம்க்கா. ஒன்பது வருஷத்துல இவ்வளவு கெட்டு நான் பாத்ததே இல்ல. மூணாவது வளைவுல கல்லெல்லாம் தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு. ஆனா ஒண்ணு விடல."

சகதி டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போஸ்ட்மாஸ்டர் எல்லோர் முகத்தையும் பார்த்தார். கையிலிருந்த வாரியைப் பார்த்தார். அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கை தானாப் போயிடுச்சுக்கா" என்றார்.

அக்கா திட்ட வாயெடுத்தார், ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? முதல் வருடம் இதே போஸ்ட்மாஸ்டரை ஒரு முழத் தடத்துக்காக இரண்டாவது வளைவுக்குத் திருப்பி அனுப்பியவர் அவர்தான். கேட் காவலர் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார். மறுநாள் திங்கள்.

"சரி, வீட்டுக்குப் போய்க் குளிங்க" என்றார் அக்கா.

வியாழக்கிழமை காலை வன அலுவலகத்து வண்டியில் அதிகாரி, சர்வேயர், அக்கா மூவரும் ஏறினார்கள். அந்த வண்டியின் தடம் கணக்கில் வராது என்று சர்வேயர் முதலிலேயே சொல்லிவிட்டார். அலுவலக வண்டியின் சீட்டு நடுவில் கிழிந்து ஸ்பிரிங் குத்தியது. சாதாரண நாளாக இருந்தால் அக்கா அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியிருப்பார்.

முதல் வளைவில் சர்வேயர் இறங்கினார், குனிந்து பார்த்தார், 'இல்லை' என்று எழுதினார். இரண்டாவது வளைவிலும் இல்லை. மூன்றாவதில் அக்காவும் இறங்கினார். குழந்தையைக் குளிப்பாட்டும் பள்ளங்கள் இருந்த இடம் அவருக்கே தெரியவில்லை. கல், மண், மேலே காய்ந்த சருகு வரைக்கும் அதனதன் இடத்தில் இருந்தது. அழுகை வருகிற நிலையிலும், வேலை என்றால் இதுதான் வேலை என்று ஒரு கணம் பெருமையாக இருந்தது. இருந்ததற்குத் தன் மேலேயே கோபமும் வந்தது.

நாலாவது வளைவைத் தாண்டினால் ஈரப் புல்வெளி. அங்கே வண்டி நின்றது.

புல்வெளி உழுது கிடந்தது. வட்டம் வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று. ஒரு புதர் வேரோடு பிடுங்கி எறியப்பட்டிருந்தது. பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, அதில் எண்ணெய் மிதந்தது. ஞாயிறு மாலை சங்கம் இறங்கிய பிறகு மறுபக்கத்துக் கூட்டம் வந்து போயிருக்கிறது. புல் மறுபடி முளைக்க இரண்டு வருடம் ஆகும் என்று அக்காவுக்குத் தெரியும், போன தடவை எண்ணியிருக்கிறார்.

அதிகாரி கோப்பை மடியில் வைத்துத் திறந்தார். அக்காவின் ஏழு புகார்களும் மேலாகவே இருந்தன. அவற்றை ஒன்றொன்றாகத் தள்ளிவிட்டுப் படிவத்தை எடுத்தார். எழுதுவதற்கு முன் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"இங்க தடம் இருக்கு மேடம். இது வெளியாள் செஞ்சதுன்னா சட்டவிரோத நுழைவு. பதிவு பெத்தவங்க யாரும் பயன்படுத்தல, கண்டவன் வந்து போறான்னு ஆயிடும். இந்த வாரமே மூடிடுவேன். பதிவு பெத்த சங்கத்து ஆள் செஞ்சதுன்னா, பயன்பாடு நிரூபணம். பாதை திறந்திருக்கும். செஞ்ச ஆள் மேல மட்டும் நடவடிக்கை எடுக்கணும்." படிவத்திலிருந்து தலையைத் தூக்கினார். "உங்களுக்கு இதைப் பத்தி ஏதாவது தெரியுமா?"

அக்கா புல்வெளியைப் பார்த்தார். இந்த அசிங்கத்தைச் செய்தவர்களை ஏழு கடிதங்களில் என்னென்ன பெயரால் அழைத்திருந்தார் என்பது நினைவுக்கு வந்தது. ஐந்தாவது கடிதத்தில் 'மனசாட்சி இல்லாத ஜென்மங்கள்' என்று எழுதி, கணவர் அதை அடித்து 'பொறுப்பற்ற நபர்கள்' என்று மாற்றியிருந்தார்.

"இது நான் செஞ்சதுதான் சார்" என்றார்.

"சங்கமா?"

"சங்கத்துல மத்தவங்களுக்குத் தெரியாது. செயலாளர் நான், நான்தான் செஞ்சேன்."

சர்வேயர் ஏற்கெனவே டேப்பை விரித்துக் குனிந்திருந்தார். "சார், சக்கரத்துக்கு நடுவுல ரெண்டரை அடிதான் வருது. மேடம் ஜீப்பு நாலரை அடி இருக்குமே."

"படிவத்துல அகலத்துக்குக் கட்டம் இருக்கா?" என்று கேட்டார் அதிகாரி.

சர்வேயர் படிவத்தை முன்னும் பின்னும் பார்த்தார். "இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு அளக்கறீங்க? டேப்ப மடிங்க."

கையெழுத்துப் போடும்போது அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. எட்டாம் வகுப்பில் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டதற்குப் பிறகு அவ்வளவு அவமானம் அவர் பட்டதில்லை. அன்றைக்காவது செய்துவிட்டு மாட்டினார்.

மூன்று வாரம் கழித்து இரண்டு பக்கத்தில் ஆணை வந்தது. முதல் பக்கம்: பாதை தொடர்ந்து திறந்திருக்கும், சங்கம் ஒவ்வொரு பயணத்தன்றும் வருகைப் படிவம் பூர்த்தி செய்து கேட்டில் கொடுக்க வேண்டும். இரண்டாம் பக்கம்: புல்வெளியைச் சேதப்படுத்திய நபர் மூன்று வருடங்களுக்கு வண்டியிலோ நடந்தோ பாதைக்குள் நுழையக் கூடாது.

கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டாம் பக்கத்தைப் படித்தார். "மேல்முறையீடு பண்ணலாமே."

"பண்ணா, நான் செய்யலன்னு சொல்லணும். சொன்னா பாதை போயிடும்."

அவர் காகிதத்தைத் திரும்பவும் படித்தார். எங்காவது ஒரு தப்பு கண்டுபிடித்துச் சுழித்துவிட வேண்டும் என்பது போல, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். தப்பு எதுவும் அகப்படவில்லை. "நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்னு யோசிக்காம ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஓடிடுவ. இனிமே வீட்ல இருப்ப" என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை. கணவர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கடையில் கூடிய கூட்டத்தில் அக்கா முதல் பக்கத்தை மட்டும் படித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். சகதிதான் எட்டிப் பார்த்து இரண்டாவது பக்கத்தை உருவினார். படித்ததும் கை தட்டல் நின்றது. போஸ்ட்மாஸ்டரின் மனைவி, "எங்க கையாலதானே எல்லாம்" என்று அழ ஆரம்பித்தார்.

"அக்கா போகாத பாதைல நாங்களும் போகமாட்டோம்" என்றார் சகதி. "மூணு வருஷமும் போகமாட்டோம். எல்லாரும் என்ன சொல்றீங்க?"

எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

"மூணு வருஷம் யாரும் போகலன்னா என்ன ஆகும்னு இப்பதானே பாத்தோம்" என்றார் அக்கா.

அக்கா அடுத்த ஞாயிற்றுக்கிழமையின் நேரத்தைச் சொல்லிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குவாரி கேட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. அக்கா ஒவ்வொன்றாக டயரைத் தட்டிப் பார்த்து, காற்று கூடுதலாக வைத்திருந்தவர்களைத் திட்டிக் குறைக்கவைத்தார். கடைசி வண்டியில் போஸ்ட்மாஸ்டர் கண்ணாடியை இறக்கினார்.

"வாரலாமாக்கா, வேண்டாமா?"

"வாருங்க. ஏழாவது வளைவுல மட்டும் ஒரு தடத்தை விட்டுட்டு வாங்க."

"இடது பக்கமா, வலது பக்கமா?"

"உங்க இஷ்டம் அண்ணே."

பதின்மூன்று வண்டிகள் ஏறின. லோ கியர் சத்தம் முதல் வளைவு வரைக்கும் நன்றாகக் கேட்டது, இரண்டாவதில் மங்கியது, அப்புறம் கேட்கவில்லை. அக்கா தன் ஜீப்பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து அழுதார். கேட் காவலர் பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, அக்கா பேனாவை எடுத்தார்.

வருகைப் படிவத்தைச் செயலாளர்தான் பூர்த்தி செய்ய வேண்டும். வந்த வண்டிகள் என்ற கட்டத்தில் பதின்மூன்று என்று எழுதினார். வராத வண்டிகள், ஒன்று. வராதவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை முழுதாக, முதலெழுத்தோடு எழுதினார். பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது, காலியாக விட்டால் படிவம் செல்லாது என்று கீழே அச்சடித்திருந்தது. அதில் அக்கா நிதானமாக, எழுத்து கட்டத்துக்கு வெளியே போகாமல், 'பாதையைக் கெடுத்தவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.